ஓரத்தில் விட்ட இரண்டு சால்

என் அன்பு மகனுக்கு,

நீ பிறப்பதற்கு இன்னும் குறைந்தது பத்துப் பதினைந்து வருடம் ஆகும். உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது, பாவம், எங்கேயோ நிம்மதியாக இருக்கிறாள். எனக்கு இப்போது வயது பதினேழு. மீசை என்று நான் சொல்வதை வீட்டில் அழுக்கு என்று சொல்கிறார்கள். இந்த நிலையில் உனக்கு ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். இரண்டு காரணம். எங்கள் சபை வாலிபர் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் மாதாமாதம் ஒரு பெரியவர் தம் மகனுக்கோ மகளுக்கோ புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவார். இந்த மாதம் எழுத வேண்டியவர் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டார், நாலு பக்கம் காலி. பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னிடம், "ஏதாச்சும் எழுதுடா, ஆனா யாரையும் கிண்டல் பண்ணாம எழுது" என்றார். அது ஒரு காரணம். இன்னொன்று, போன வாரம் என் அப்பா, அதாவது உன் தாத்தா, பேரையூர்ப் பக்கத்து எங்கள் கடலைக் காட்டில் மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "உனக்குன்னு ஒரு மகன் பொறப்பான்டா. அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். எல்லா அப்பாவும் சொல்வதுதான். ஆனால் அவர் சொன்னவிதத்தில் நீ பிறந்தே தீருவாய் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அதனால் உன்னை முன்கூட்டியே எச்சரித்து வைக்கிறேன். நம் வீட்டு ஆண்களுக்குப் பொறாமை உண்டு. எனக்கு நிறைய உண்டு. உனக்கும் மிச்சம் வைத்திருப்பேன்.

உன் தாத்தா பஸ் கண்டக்டர். மதுரையிலிருந்து கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று டிப்போவுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லார் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, என் அப்பா ஏதாவது ஒரு ஊரில் "ஏறு, ஏறு, முன்னாடி போ, உள்ள எடம் இருக்கு" என்று கத்திக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கூட்டி வா என்று சொல்லும்படி நான் எத்தனையோ காரியம் செய்திருக்கிறேன். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் பலாப்பழப் பிசின் தடவியது உட்பட. ஒருமுறைகூட அவர் வரவில்லை, அம்மாதான் வந்தாள். ஆனால் வருடத்தில் நாலு நாள் அவர் எனக்குக் கிடைப்பார். கடலை பிடுங்குகிற நாலு நாள். அவருடைய அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலம் பேரையூர்ப் பக்கம் இருக்கிறது. அதில் வருடம் ஒரு வெள்ளாமை, நிலக்கடலை. லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மோட்டார் ரூமில் படுத்துக்கொள்வோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு தீர்ந்ததும் அவரே கஞ்சி வைப்பார், அது பசை மாதிரி இருக்கும், நான் இரண்டு தட்டுக் குடிப்பேன். என் கூட்டாளிகள், "என்ன மாப்ள, லீவுல எங்க போன?" என்று கேட்டால், "கடலை போடப் போனேன்" என்பேன். பெண்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்து அவன்கள் வயிறு எரிவான்கள். உண்மையில் அந்த நாலு நாளும் வயிறு எரிந்தது எனக்குத்தான்.

அப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தை ஓரம்வரை அறுக்கக் கூடாது, ஓரத்தில் இருப்பதும் கீழே சிந்துவதும் இல்லாதவனுக்கும் ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கும் என்று வேதத்தில் பழைய சட்டம் ஒன்று இருக்கிறதல்லவா? எங்கள் சபையில் அதை வாசிக்கும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள், பிறகு வீட்டுக்குப் போய்க் கறி சாப்பிடுவார்கள். அப்பா மட்டும் அதைப் பஸ் டைம்டேபிள் மாதிரி எடுத்துக்கொண்டார். எங்கள் காட்டின் கிழக்கு ஓரத்தில் இரண்டு சால், அதாவது இரண்டு வரிசை, கடலைச்செடியை நாங்கள் தொடவே மாட்டோம். நாலாம் நாள் காலையில் பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் நாங்கள் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவோம். அதற்குப் பிறகு அவர்கள் காட்டுக்குள்ளும் இறங்கி, மண்ணுக்குள் தப்பிக் கிடப்பதைக் களைக்கொட்டால் கிளறி எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயரே தப்புக்கடலை.

இதில் எனக்கு என்ன வலி என்று கேட்பாய். முதலாவது, அந்தக் கிழக்கு ஓரம்தான் காட்டிலேயே நல்ல ஓரம். வாய்க்கால் பக்கம். ஈரம் காயாது. ஒரு செடியைப் பிடுங்கினால் குழந்தை கையில் கிலுகிலுப்பை மாதிரி குலுங்கும். மேற்கே பனைமர நிழல் விழுகிற ஓரம் ஒன்று இருக்கிறது, அங்கே பிடுங்கினால் வேர்தான் வரும். நான் அப்பாவிடம் நியாயமாகத்தான் கேட்டேன்.

"ஏம்ப்பா, ஓரம்னுதான எழுதியிருக்கு? எந்த ஓரம்னு எழுதலையே. அந்தப் பனை ஓரத்த விட்டா சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, நமக்கு நட்டமும் இல்ல."

"டேய், பஸ்ல மழைக்கு ஒழுகுற சீட்ட மட்டும் தொடச்சுக் குடுத்து, உக்காருங்கன்னு சொன்னா அது எடம் குடுத்ததாடா?"

"டிக்கெட் எடுக்காதவுங்களுக்கு அதே ஜாஸ்திப்பா."

"பேரு சாலமோன். ஞானம் சைபர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து ஓரத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது வலி அதுதான். ஓரத்துக்குப் போய்விடுவார். அந்தப் பெண்கள் விறகுக்கோ ஆட்டுக்கோ அந்தப் பக்கம் வந்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்று பேசுவார். அவர்களில் மாரியம்மாள் என்று ஒரு அம்மா, அவள் மகள் பேச்சி. பத்தாவது படிக்கிறாள். பேருக்குக் குறைவில்லாத பேச்சு. அவள் கணக்கில் எத்தனை மார்க், அறிவியலில் எத்தனை என்று அப்பாவுக்குத் தெரியும். நான் எந்த குரூப் எடுத்திருக்கிறேன் என்பதை அவர் அம்மாவிடம் கேட்டுத்தான் டிப்போ படிவத்தில் நிரப்பினார். "பேச்சி பாரு, பொறுக்குனான்னா ஒண்ணு விடமாட்டா. எம்புட்டு சுத்தம்!" என்று என்னிடம் வந்து சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்துக்கு நான் வருடம் முழுவதும் மோட்டார் போடாத கிணறு மாதிரிக் காத்துக் கிடக்கிறேன், மகனே.

சுத்தம் என்றால் நான். அதைச் சொல்லியாக வேண்டும். கடலைச் செடியை வெடுக்கென்று இழுத்தால் காம்பு அறுந்து காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். செடியின் அடியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, ஒரு சுற்று அசைத்து, மண் இளகியதும் மெதுவாகத் தூக்க வேண்டும். எட்டு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து நானே பழகிக்கொண்டது. நான் போன சாலில் ஒரு காய் மண்ணில் இருக்காது. கூலிக்கு வரும் மாமா ஒருவர், "தம்பி புடுங்குன எடத்துல எறும்புகூடப் பட்டினிதான்" என்பார். அப்பாவோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி விருட் விருட்டென்று இழுத்துப் போட்டுக்கொண்டே போவார். பாதி அறும். அவருக்கு வராத வேலை எனக்கு வருகிறது, ஒரு நாளாவது என் சாலைத் திரும்பிப் பார்த்து "எம்புட்டு சுத்தம்" என்று சொல்வார் என்று பார்த்தேன். என் சாலைப் பார்ப்பார். முகத்தைத் துடைத்துக்கொள்வார். வேதத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரன் கதை வரும். விடியற்காலையிலிருந்து வெயிலில் கிடந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுப்பான். காலையில் வந்தவன் முணுமுணுப்பான், நான் நல்லவனாக இருப்பது உன் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்பான் தோட்டக்காரன். உறுத்துகிறது ஐயா. நான் காலையில் வந்தவன் கட்சி. எப்போதும் அந்தக் கட்சிதான்.

சென்ற மாதம் கடலை பிடுங்கப் போனபோது, நாலாம் நாள் விடிந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் டீ வாங்கப் போனார். டீக்கடைப் பேச்சு முடிந்து திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். நான் ஒரு உரச் சாக்கை எடுத்துக்கொண்டு கிழக்கு ஓரத்துக்குப் போனேன். எனக்குக் கடலை வேண்டாம், இதை நீ நம்ப வேண்டும். அந்தப் பெண்கள் வந்து, ஒன்றுமில்லாமல் கோபித்துக்கொண்டு போய்விட வேண்டும், அப்பா அன்று ஒரு நாளாவது ஓரத்துக்குப் போகாமல் என்னோடு கஞ்சி குடிக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல ஈரம். ஒவ்வொரு செடியாக என் கைத்திறமை முழுவதையும் காட்டித் தூக்கினேன், காயை எல்லாம் உருவிச் சாக்கில் போட்டேன். பிறகு செடியை அதே குழியில் திரும்ப நட்டு, மண்ணை அணைத்து, இலையை நீவி நிறுத்தினேன். கடலையில் ஒரு வசதி, காய் இருக்கிறதா இல்லையா என்று மேலே தெரியாது. இரண்டு சாலும் பச்சைப்பசேலென்று நின்றன. சாக்கை மோட்டார் ரூமில் பழைய தார்ப்பாய்க்கு அடியில் திணித்துவிட்டு, அப்பா வந்தபோது நல்லபிள்ளையாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நான் யோசிக்காதது வெயில். நாற்று நட்டவனுக்குத் தெரியும், வேர் அசைந்த செடி வெயிலுக்கு நிற்காது. பெண்கள் வந்து சேர்வதற்குள் எங்கள் காட்டு ஓரத்தில் இரண்டு சால் செடியும் கோவிலில் ஜெபம் பண்ணுகிறவர்கள் மாதிரித் தலை தொங்கிவிட்டது. பேச்சி வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்தாள்.

"யாத்தே, இதுக்கு என்னம்மா வந்துச்சு? தூங்குது?"

மாரியம்மாள் ஒரு செடியைத் தொட்டாள். தொட்டதுமே கையோடு வந்துவிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. நான் எதிர்பார்த்த கோபத்தைக் காணோம். ஒரு கிழவி மட்டும், "எலி உருவிருச்சு போலடி" என்றாள். பேச்சி செடியைத் திருப்பி வேரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டுச் செடியவும் திருப்பி நட்டு வச்சிட்டுப் போயிருக்கே. மருவாதி தெரிஞ்ச எலி" என்றாள்.

அப்பா வந்தார். செடியைப் பார்த்தார். என் நகத்தைப் பார்த்தார், நகக்கண்ணில் ஈரமண். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், என்னோடு ஏதோ பேசியது மாதிரி இருந்திருக்கும். அவர் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பி, பஸ்ஸில் கூப்பிடுவாரே, அதே குரலில், "ஏன் ஓரத்துலயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, உள்ள வாங்க. உள்ள நெறைய எடம் இருக்கு" என்றார். வழக்கமாக நாங்கள் ஊருக்குப் போன பிறகுதான் அவர்கள் காட்டுக்குள் இறங்குவார்கள். அன்று நாங்கள் இருக்கும்போதே இறங்கினார்கள். அப்பா ஒரு களைக்கொட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயும் போய்ப் பொறுக்கு" என்றார். பொறுக்க முடியாதவன் பொறுக்கப் போனேன்.

ஏழெட்டுப் பெண்களும் ஏதோ வரிசை சொல்லிக் கொடுத்தது மாதிரி சில சால்களில் மட்டும் உட்கார்ந்தார்கள். நான் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து கிளறினேன். ஒன்றுமில்லை. தள்ளி உட்கார்ந்து கிளறினேன். மண். பேச்சியின் மடி அதற்குள் நிறைந்துவிட்டது.

"அங்கன என்னண்ணே தோண்டுறீக, கெணறா?" என்றாள். "அது நீங்க புடுங்குனது. ஒரு பொட்டு கெடைக்காது. வருசா வருசம் பாக்குறோம்ல. இங்கிட்டு வாங்க, இது அய்யா புடுங்குனது."

அவள் காட்டிய இடத்தில் ஒரு கொத்துக் கொத்தினேன். மண்ணோடு சேர்ந்து காய் காயாக மேலே வந்தது. அறுந்து நின்றவை. நல்ல முற்றிய காய்கள். அப்பா போன சால் முழுவதும் அப்படியே. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். களத்தில் காயைப் பரப்பிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குச் செடி பிடுங்கத் தெரியாது என்று ஒன்பது வருடம் நினைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் முப்பது வருடம் இந்த மண்ணில் பிடுங்கியவருக்கு. அந்நிய ஊரிலிருந்து வந்த ஒரு விதவைப் பெண் கதிர் பொறுக்க வந்தபோது, வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிட்டுப் போங்கள் என்று தன் ஆட்களிடம் சொன்ன நிலக்காரனைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடமாக ஒப்பித்து சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். என் சாலைப் பார்த்து அவர் ஏன் முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.

விளங்கியதும் நான் திருந்தியிருப்பேன் என்று நினைத்தால் நீ என் மகன் இல்லை. எனக்குப் பொறாமை இரண்டு மடங்காயிற்று. இத்தனை வருடம் அவர் குனிந்து பிடுங்கிய ஒவ்வொரு செடியிலும் இவர்களை நினைத்துக்கொண்டே பிடுங்கியிருக்கிறார். பக்கத்துச் சாலில் நான் இருந்தேன். அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்துவிட ஒரு நொடிதான் ஆகியிருக்கும். நான் கொடுக்கவில்லை. சாயங்காலம் அப்பா மோட்டார் ரூமைப் பூட்டினார், பஸ் ஏறினோம். அவர் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டார்.

போன வாரம், களத்தில் காய்ந்த கடலையை மூட்டை கட்டத் திரும்பப் போனோம். அப்பா மோட்டார் ரூமைத் திறந்ததும் ஒரு நெடி. எனக்குத் தெரிந்துவிட்டது. தார்ப்பாயைத் தூக்கி, சாக்கு வாயை அவிழ்த்தார். உள்ளே சூடு. கை வைக்க முடியவில்லை. பச்சைக்காயைக் காயப்போடாமல் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று காட்டில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். வெள்ளையாகப் பூத்து, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்கிற உணவு விழுந்தபோது, அன்றைக்கு வேண்டியதற்கு மேல் பிடித்துவைத்தவன் பானையில் மறுநாள் புழு நெளிந்தது என்று படித்திருக்கிறோம். அது கதை என்று நினைத்திருந்தேன். அதற்கு இப்படி ஒரு வாடை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"நமக்கு வந்த மூட்டை பத்தலையாடா?" என்று கேட்டார்.

"மூட்டை எனக்கெதுக்குப்பா? நீங்க வர்றதே நாலு நாளு. அதுலயும் ஓரத்துக்குப் போயிர்றீங்க."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அப்பா சாக்கைப் பிடித்தபடி நின்றார். டிக்கெட்டைக் கிழித்துவிட்டு மீதிச் சில்லறைக்குப் பையைத் தடவுகிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். "நீயும் வர வேண்டியதுதானடா, ஓரத்துக்கு. வராதன்னா சொன்னேன்?" என்றார். அதன் பிறகுதான் அந்தச் சாபம், அல்லது ஆசீர்வாதம், நீ பிறப்பாய் என்பது. சாக்கை நான் தூக்கிப் போய்க் குப்பைக்குழியில் கொட்டினேன். கனம்.

திரும்பி வரும்போது வாய்க்கால் மேட்டில் மூன்று கல் வைத்துப் பேச்சியும் அவள் அம்மாவும் மற்றவர்களும் பொறுக்கிய கடலையில் கொஞ்சம் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏற்கெனவே அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். நான் வரப்பிலேயே நின்றேன். என் கையில் இன்னும் அந்த நாற்றம். பேச்சி என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அவர் குரலையே எடுத்துக்கொண்டாள்.

"என்னண்ணே, படிக்கட்டுலயே தொங்கிக்கிட்டு வாரீக? முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க. உள்ள எடம் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அதிகமாகச் சிரித்தார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். பேச்சி ஒரு கை நிறைய அள்ளி என் மடியில் போட்டாள், எண்ணாமல், ஆறவிடாமல். சுட்டது. என்ன காரியம் செய்தவன் என்று தெரிந்தே போட்டாள். அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எனக்கு இப்படிப் போட வருமா?

மகனே, இதில் புத்திமதி எங்கே என்று அக்கா கேட்பார், ஆகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் எந்த ஓரத்தில் இரண்டு சால் விடுவது என்று அப்பா என்னையே முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார். அதே கிழக்கு ஓரத்து நல்ல சால்தான் விடப்போகிறேன், வயிறு எரிந்துகொண்டே. ஒரு நாள் நீயும் என்னோடு அந்தக் காட்டுக்கு வருவாய். நான் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவேன், உனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரட்டும். என்னிடம் நேரே வந்து சொல், செடியிடம் காட்டாதே. கஞ்சி நான் வைக்கிறேன், உன் தாத்தா வைத்ததைவிட மோசமாக இருக்கும். கடலை பிடுங்க உனக்கு நானே கற்றுத்தருவேன். அடியைப் பிடித்து, ஒரு சுற்று அசைத்து, ஒரு காய் அறாமல் தூக்க. சுத்தமாகப் பழகிக்கொள். அது கைக்கு வந்த பிறகு, உன் தாத்தா மாதிரி கொஞ்சம் மோசமாகப் பிடுங்கு.

இப்படிக்கு,
உன் வருங்கால அப்பா